ஆர்டர் இருக்கு, மட்டம் எங்கே?

"நம்ம ஊர்ல திட்டத்துக்கா பஞ்சம்? நடைமுறைப்படுத்துறதுலதான் கோட்டை விடுறாங்க." டீக்கடையிலும் டி.வி. விவாதத்திலும் கல்யாணப் பந்தியிலும் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதைச் சொன்னதும் எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு ரசத்துக்குப் போய்விடுகிறார்கள். நடைமுறை என்றால் எது? எந்த ராத்திரி, எந்தத் தெருமுனையில், யார் கையிலிருந்து அது நழுவியது? கேட்டால் "எல்லாம் அரசியல் சார்" என்று அடுத்த பொதுவாக்கியம் வரும். எங்கள் தெருவுக்கு ரோடு போட்ட சமயத்தில் இந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் கிடைத்தது. முழுப் பதில் என்று சொல்ல முடியாது. கிடைத்த வரைக்கும் எழுதி வைக்கிறேன்.

வடசென்னையில் கொருக்குப்பேட்டைப் பக்கம் வந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. தெருவிலிருந்து வீட்டுக்குள் நுழைய ஏற வேண்டியதில்லை, இறங்க வேண்டும். என் தாத்தா கட்டிய வீட்டுக்கு மூன்று படி இருந்தது. சாயங்காலம் அதில் உட்கார்ந்துதான் அவர் பேப்பர் படிப்பார். இப்போது முதல் படி தாருக்கு அடியில் எங்கேயோ இருக்கிறது, இரண்டாவதும் அங்கேதான். மூன்றாவது படி ரோட்டோடு ரோடாகக் கிடக்கிறது, அதைத் தாண்டினால் உள்ளே இறக்கம். ரோடு ஒரே நாளில் உயர்ந்துவிடவில்லை. உட்புறத் தெருவில் ஒரு தடவை தார் போட்டால் வழக்கமாக 30, 40 மில்லிமீட்டர் கனம். பழையதைச் சுரண்டாமல் அதன் தலைமேலேயே போட்டுக்கொண்டு போனால், நாலு தடவையில் அரை அடி. கேபிளுக்கும் குழாய்க்கும் தோண்டிய பள்ளத்தை மூடப் போட்ட ஜல்லி அதற்கு மேல் கணக்கு. மழைநீர் வடிகாலின் வாய்க்கும் இதே கதிதான். ரோடு ஒரு பக்கம் உயர, வாய் ஒரு பக்கம் குறுக, தண்ணீர் தனக்குத் தோதான இடத்தைத் தேடிக்கொள்கிறது. எங்கள் தெருவில் அந்தத் தோதான இடம் வீட்டு நடுக்கூடம்.

வசதி உள்ளவர்கள் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கினார்கள். வசதி இல்லாதவர்கள் வாசலில் ஒரு அடி உயரத்துக்குத் தடுப்புச் சுவர் கட்டினார்கள். வயசானவர்கள் அதைத் தாண்டும்போது கீழே விழுந்தார்கள். 2015, 2021, அப்புறம் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் ஒரு கறை நிற்கும். வெள்ளையடித்து மறைப்போம், அடுத்த மழை வந்து அதற்கு மேலே ஒன்று போடும்.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. 2021-ல் தலைமைச் செயலராக வந்த வெ. இறையன்பு, சாலையின் மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே அளவுக்குத்தான் புதுத் தளம் போட வேண்டும், வீடுகள் பள்ளத்துக்குப் போகக்கூடாது என்று துறைகளுக்கு அறிவுறுத்தினார். பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. அந்தச் செய்தியை வெட்டி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்தவர் எங்கள் அம்மா. அதே ஆண்டு நவம்பர் மழைக்குப் பிறகு, ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் சென்னை வெள்ளத்துக்கென்று ஒரு குழுவும் அமைக்கப்பட்டது. ஆக அறிவு, ஆணை, நிபுணர் குழு எல்லாமே இருந்தன. தலைமைச் செயலகத்திலிருந்து கொருக்குப்பேட்டைக்கு எப்படிச் சுற்றிப் போனாலும் பத்து கிலோமீட்டருக்குள்தான் வரும். அந்தத் தூரத்துக்குள் அது என்ன ஆனது என்பதுதான் எனக்குப் பிடிபடாமல் இருந்தது.

ஆணை தெருவுக்கு வரும் வழி

எங்களுக்கு முன்னால் பின்தெருவுக்கு ரோடு வந்தது. மில்லிங் மெஷின் ராத்திரி வந்து நடுவில் ஒரு பட்டையாகச் சுரண்டிக்கொண்டு போனது. ஓரம் அப்படியே நின்றது. மெஷின் பெரிசு, தெரு சின்னது, ஓரத்தில் பைக்கும் தண்ணீர் டிரம்மும் சரிந்து நிற்கும் மின்பெட்டியும். அடுத்த ரெண்டு நாளில் தார் வந்து, ரோலர் ஓடி, வேலை முடிந்தது. பார்க்கப் பளபளவென்று இருந்தது. ஆனால் பழைய மட்டத்தைவிட ஓரத்தில் ரெண்டு விரல் கனம் ஏறியிருந்தது.

அந்தத் தெருவுக்காக ஒரு புகார் போட்டேன். எந்தத் துறை, எந்த எண் என்பதெல்லாம் இங்கே வேண்டாம், எல்லா இடத்திலும் இதே கதைதான். ரெண்டாம் நாள் செல்போனில் மெசேஜ் வந்தது: "தங்கள் புகார் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு முடிக்கப்பட்டது." கூடவே ஒரு போட்டோ. போட்டோவில் இருந்தது நிஜமாகவே அந்தத் தெருதான், புது ரோடுதான். 'மில்லிங் செய்யப்பட்டதா?' என்ற கேள்விக்கு அந்தப் போட்டோ 'ஆம்' என்கிறது. மெஷின் வந்ததா? வந்தது. சுரண்டியதா? சுரண்டியது. பொய்யே இல்லாமல் ஒரு ஆணை இப்படித் தோற்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. திருடன் என்று யாரையாவது கைகாட்ட முடிந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

எங்கள் தெரு முறை வந்தபோது, அந்தப் பகுதியைப் பார்க்கும் ஏ.இ.யிடம், அதாவது உதவிப் பொறியாளரிடம், இதைக் கேட்டேன். முப்பது முப்பத்திரண்டு வயசு இருக்கும். தன் வார்டோடு பக்கத்து வார்டையும் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே போனில் மூன்று வாட்ஸ்அப் குரூப் ஒலித்தது. எரிந்து விழுவார் என்று நினைத்தேன். பொறுமையாகத்தான் பேசினார்.

"சார், ஆர்டர் இருக்கு, நான் இல்லன்னு சொல்லல. எவ்ளோ கனம் போடப் போறோமோ அவ்ளோ சுரண்டணும். ஆனா போட்டு முடிச்ச ரோடு எந்த மட்டத்துல நிக்கணும்னு எந்தப் பேப்பர்லயும் இல்ல சார். எம்-புக்ல, அதான் அளவுப் புத்தகத்துல, நான் நீளம், அகலம், கனம் எழுதறேன். குவாலிட்டி கன்ட்ரோல்ல இருந்து வந்து கோர் வெட்டி எடுத்து கனத்தைப் பாப்பாங்க. கனம் குறைஞ்சா என் சம்பளத்துல கை வைப்பாங்க. மட்டம் ஏறினா யாரும் கேக்கப்போறதில்ல."

இதை நான் வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் யோசித்தேன். ரோட்டிலிருந்து உருளையாக ஒரு துண்டை வெட்டி எடுத்து அளக்கும்போது தெரிவது கனம் மட்டும்தான். அந்த 40 மில்லிமீட்டர் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதை அது சொல்லாது. கான்ட்ராக்டருக்குப் பணம் வருவது எம்-புக்கில் எழுதியதற்கு. ஏ.இ.க்கு மெமோ வருவது கோர் காட்டுவதற்கு. ஆக எல்லோரும் தங்களைக் கேட்கப்போகும் கேள்விக்கு ஒழுங்காகத்தான் பதில் தயாரிக்கிறார்கள். எங்கள் வாசற்படி எந்தக் கேள்வியிலும் இல்லை. தலைமைச் செயலரின் கடிதத்தில் வீடு இருந்தது. கடிதம் எஸ்டிமேட்டாகி, எஸ்டிமேட் டெண்டராகி, டெண்டர் பில்லாகி வருவதற்குள் வீடு வழியில் இறங்கிவிட்டது.

பச்சை பெயிண்ட்

எங்கள் எதிர்வீட்டு அக்கா இட்லிக்கடை வைத்திருக்கிறார். காலையில் நாலு மணிக்கு எழுந்து மாவைத் தொடுபவர். தெருவில் எது நடந்தாலும் முதலில் தெரிவது அவருக்குத்தான். அவர் தம்பி கொத்தனார். மெஷின் வரப்போகிறது என்று தெரிந்ததும் அக்கா தம்பியை வரச்சொன்னார். அவர் வந்தது ஒரு நீள டிரான்ஸ்பரண்ட் டியூபோடு. கட்டட வேலையில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பார்களே, அதுதான். டியூபின் ஒரு முனை அக்கா வீட்டுச் சுவரில், மறு முனை எங்கள் சுவரில். தண்ணீர் ரெண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கும் வரை காத்திருந்து பென்சிலால் குறித்தார். அப்படியே வீடு வீடாக நகர்ந்து தெருமுனை வரைக்கும் போனார். அப்புறம் அக்கா ஜன்னலுக்கு அடித்து மீந்துபோன பச்சை எனாமல் பெயிண்டை எடுத்து, ஒவ்வொரு குறியிலும் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு இழுத்தார். கோட்டிலிருந்து ஒரு முழம் கீழே ரோடு நிற்க வேண்டும் என்று தெருவில் பேசி முடிவானது. அந்த ஒரு முழம் என்ன கணக்கு என்று யாரும் கேட்கவில்லை. வாசல் இறக்கம் ஒரு படியாவது குறையட்டும், வடிகால் வாய் முழுசாகத் திறக்கட்டும், அதற்கு அவ்வளவு தேவை. கொத்தனார் தம்பி டேப்பில் அதை 45 சென்டிமீட்டர் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மெஷின் வந்த ராத்திரி பதினோரு மணி இருக்கும். சூப்பர்வைசருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. "இன்னாம்மா இது கோடு? கட்சி கலரா?" என்றார்.

"கட்சியும் இல்ல கச்சேரியும் இல்ல. இந்தக் கோட்டுலருந்து டேப்பை வுடு. நாப்பத்தஞ்சு வரணும். வரலன்னா இன்னொரு தபா சுரண்டு."

"அதெல்லாம் ஒரே பாஸ்தாம்மா. டெண்டர்ல அவ்ளோதான் கீது."

"டெண்டர் எனக்குத் தெரியாதுபா. என் வூட்டுக்குத் தண்ணி வருது, அது தெரியும்."

பேச்சு தடித்தது. லாரிக்கு வெயிட்டிங் ஆகிறது என்று டிரைவர் கத்தினார். மேல்மாடியிலிருந்து ஒருவர், தூங்க விடுங்கடா என்று சத்தம் போட்டார். ஏ.இ.க்குப் போன் போனது, அவரும் பைக்கில் வந்து இறங்கினார். நான் நினைத்தது என்னவென்றால், இவர் கான்ட்ராக்டர் பக்கம் நின்று சமாதானம் பேசுவார், நாளைக்குப் பார்க்கலாம் என்பார், நாளைக்கு தார் லாரி வந்து நிற்கும். அவர் அப்படி எதுவும் செய்யவில்லை. கோட்டைப் பார்த்தார். பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்தார். நாலைந்து வீட்டுச் சுவரில் குனிந்து குனிந்து அளந்தார். செல்போன் வெளிச்சத்தில் தன் டைரியில் ஒவ்வொரு வீட்டுக் கதவு எண்ணையும் எழுதி எதிரே அளவைக் குறித்தார். ஒரு வீட்டில் 38, இன்னொன்றில் 36, முனையில் 41. பிறகு சூப்பர்வைசரிடம் மெதுவாக, "இன்னொரு பாஸ் ஓட்டுங்க. ஓரத்தை கையில வெட்டி எடுங்க. நான் இங்கதான் இருக்கேன்" என்றார்.

விடியும்போது அக்கா கடையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே அவர் சொன்னதுதான் எனக்கு இந்த விஷயத்தில் பெரிய திருப்பம். "சார், இதே வேலையை நானா சொல்லியிருந்தா என்ன ஆகும்? 'ஏ.இ. வேலையை நிறுத்தறான்'னு மேல போன் போகும். நான் பதில் எழுதணும். எக்ஸ்ட்ரா பாஸுக்கு எஸ்டிமேட் எங்கன்னு ஆடிட்ல கேப்பாங்க. இன்னிக்கு கோடு இருக்கு, அளவு இருக்கு, தெருவே நின்னு பாத்துச்சு. நான் சொல்லல, சுவரு சொல்லுதுன்னு எழுதிடுவேன்."

அரசாங்க ஊழியர் வேலை செய்யாததற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் ரெண்டு: சோம்பேறித்தனம், லஞ்சம். ரெண்டும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வேலை செய்ய நினைக்கும் ஒருவருக்கு, அதைச் செய்தால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் எவ்வளவு பெரிது என்பதை நான் அதுவரை கணக்கிலேயே எடுத்ததில்லை. அவருக்கு அதிகாரம் இருந்தது. சாய்ந்துகொள்ள ஒரு சுவர் இல்லை. ஒரு பழைய பெயிண்ட் டப்பா அதைக் கொடுத்தது. மேலிருந்து கண்காணிப்பை இறுக்கினால் நடைமுறை சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள், அந்தக் கண்காணிப்பு எதை அளக்கிறது என்றும் ஒரு தடவை பார்க்க வேண்டும். இன்னும் ரெண்டு போட்டோ, இன்னும் ஒரு ஆப், இன்னும் ஒரு மறுஆய்வுக் கூட்டம் என்று சேர்த்துக்கொண்டே போனால், அந்த ஏ.இ. இன்னும் ரெண்டு போட்டோ எடுப்பார். கனம் சரியாக இருக்கும், வாசற்படி முங்கும்.

பன்னிரண்டரை மணி

இதே ஊரில்தான் அரசுத் திட்டங்கள் அச்சுப் பிசகாமல் நடக்கவும் செய்கின்றன. 1920-ல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்க மன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்குமேல் போகக்கூடாது என்பது கணக்கு. அவர் எங்கள் வண்ணாரப்பேட்டைக்காரர், அவர் பெயரில் கல்லூரி இன்றைக்கும் அங்கே இருக்கிறது, அதனால் இந்தப் பெருமையை நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. அப்புறம் 1956-ல் காமராசர், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவு, பின்னால் சேர்ந்த முட்டை, கலவைச் சாதம், 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கிய காலை உணவு. ஆட்சிகள் மாறின, சோறு நிற்கவில்லை.

இதற்கு அரசியல் உறுதி, நிதி ஒதுக்கீடு என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். சரிதான். எனக்குத் தோன்றுவது இன்னொன்று. பன்னிரண்டரை மணிக்குத் தட்டில் சோறு விழவில்லை என்றால், அது ஒரு மணிக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். ஆறு வயசுப் பையன் வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு முட்டை போடலம்மா" என்பான். அந்தச் செய்திக்கு எம்-புக் வேண்டாம், கோர் வெட்ட வேண்டாம். சாப்பிடுகிறவனே தணிக்கையாளன். தவறு நடந்த அன்றைக்கே, பாதிக்கப்பட்டவன் கண்ணுக்கே தெரிகிறது. மழைநீர் வடிகால் அப்படியில்லை. சரிவு தப்பாகக் கட்டியிருக்கிறார்கள் என்பது மே மாதத்தில் யாருக்குத் தெரியும்? நவம்பரில் தெரியும்போது பில் பாஸாகி, ஏ.இ. மாற்றலாகி, கான்ட்ராக்டர் வேறு மண்டலத்தில் வேலை எடுத்திருப்பார். குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒன்று ஒப்பந்தத்தில் இருக்கும், அதற்குள் பழுது தெரிந்தால் கான்ட்ராக்டரே சரிசெய்ய வேண்டும், அது எப்போது முடிகிறது என்பது தெருவில் யாருக்கும் தெரியாது.

ஆகவே ஒரு ஆணை எழுதும்போதே, அது தோற்றால் யாருக்கு, எத்தனை நாளில் தெரியும் என்ற கேள்விக்கும் அதற்குள்ளேயே பதில் எழுதிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். ரோட்டுக்கு அந்தப் பதில் சுவரில் ஒரு கோடு. வடிகாலுக்கு, மூடி போடுவதற்கு முன்னால் மேல்முனையில் ரெண்டு லாரி தண்ணீரைத் திறந்துவிட்டு, கீழ்முனையில் வெளியே வருகிறதா என்று தெருவாசிகள் முன்னால் பார்ப்பது. லாரி தண்ணீருக்கு எங்கள் பகுதியில் என்றைக்குமே பஞ்சமில்லை, குழாய்த் தண்ணீருக்குத்தான். வேலை ஆணையின் பலகையில் தொகையும் கான்ட்ராக்டர் பெயரும் அமைச்சர் பெயரும் இருக்கும் இடத்தில், 'முடிந்தபின் ரோடு இந்தக் கோட்டிலிருந்து இத்தனை சென்டிமீட்டர்' என்று ஒரு வரி. இதற்குத் தனி நிதி ஒன்றும் தேவைப்படாது.

தோற்றது எங்கே என்று உரியவருக்கே தெரிந்தால் என்ன ஆகும் என்பதை மனுக்களிலும் பார்க்கலாம். 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, விண்ணப்பம் ஏற்கப்படாதவர்களுக்கு என்ன காரணம் என்று மெசேஜ் அனுப்பினார்கள். முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், கோட்டாட்சியர் பார்ப்பார் என்று வழியும் வைத்தார்கள். ஆண்டுக்கு 3,600 யூனிட் மின்சாரத்துக்குமேல் போகக்கூடாது என்பது தகுதிகளில் ஒன்று. ஒரே மீட்டரில் நாலு குடித்தனம் இருக்கும் வீடுகள் நிறைந்த வடசென்னையில் அந்த எண் எத்தனை பேரை இடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் 'மின் பயன்பாடு' என்று காரணம் கையில் இருந்தால், மீட்டர் வீட்டு ஓனர் பேரில் இருக்கிறது என்று வாதாட ஒரு பிடி கிடைக்கிறது. வெறுமனே 'நிராகரிக்கப்பட்டது' என்று வந்திருந்தால் அவர்கள் கவுன்சிலர் வீட்டு வாசலில்தான் நின்றிருப்பார்கள்.

வேலையை மக்களே சரிபார்க்கச் சட்டத்தில் இடம் இல்லாமலும் இல்லை. 2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் காகிதம் கேட்க மட்டும்தான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அதன் 2(ஜே) பிரிவில், நடக்கும் பணியை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்தும் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுத்துக்கொள்ளவும் உரிமை இருக்கிறது. ரோட்டுத் தாரில் ஒரு துண்டு கேட்கலாம் என்று அர்த்தம். ராஜஸ்தானில் தொண்ணூறுகளில் கிராமத்து ஆட்கள் பொது விசாரணை வைத்து, செலவுக் கணக்கை ஊர்நடுவில் உரக்கப் படித்தார்கள். செத்துப்போனவர் பேரில் கூலி எழுதியிருந்தது தெரியவந்தது. நூறு நாள் வேலைச் சட்டத்தில் சமூகத் தணிக்கை ஒரு பிரிவாகவே நுழைந்ததற்கு அந்தக் கூட்டங்களும் ஒரு காரணம். அது கிராமத்துக்கு. நகரத்தில் ரோடு போட்டால் கணக்கை உரக்கப் படிக்க ஒரு திண்ணைகூடக் கிடையாது.

மூடி யாருடையது?

இனி எங்கள் ரோட்டின் மிச்சக் கதை. ரெண்டாவது பாஸ் ஓடியது, ஓரத்தைக் கடப்பாரையால் எடுத்தார்கள், தார் விழுந்தது. கோட்டிலிருந்து 44, 45, ஒரு இடத்தில் 43. அக்கா டேப்பை வைத்துக்கொண்டு ராணி மாதிரி நடந்தார். மறுநாள் காலையில்தான் பார்த்தோம், தெரு நடுவே ஆறேழு பாதாளச் சாக்கடை மூடிகள் தாரிலிருந்து நாலு விரல் உயரத்துக்குத் துருத்திக்கொண்டு நின்றன. ரோடு இறங்கியது, மூடி இறங்கவில்லை. மூடி வேறு துறை. ஏ.இ. கடிதம் போட்டார். அங்கிருந்து வந்தவர் பார்த்துவிட்டு, ரோட்டை இறக்கப் போவதாக எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

நான் வேலை பார்ப்பது துறைமுகத்தில் சரக்கு கிளியர் செய்து கொடுக்கும் ஒரு சின்ன ஆபீஸில். அங்கே கன்டெய்னர் கை மாறும் இடத்திலெல்லாம் சீல் நம்பரைப் பார்த்து எழுதிக்கொண்டுதான் வாங்குவார்கள். கப்பலிலிருந்து யார்டுக்கு, யார்டிலிருந்து லாரிக்கு. நடுவில் சீல் உடைந்தால் யார் கையில் இருக்கும்போது உடைந்தது என்பது ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஒரு தெருவின் கீழே குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கேபிள், இன்டர்நெட் கேபிள், ஓரத்தில் வடிகால், அது போய்ச் சேரும் கேப்டன் காட்டன் கால்வாய், கால்வாய் போய் விழும் பக்கிங்காம் கால்வாய், நடுவில் ரயில்வே பாலத்துக்கு அடியில் தண்ணீர் போகும் கண். ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் பொறுப்பு. கை மாறும் இடத்தில் எழுதி வாங்குபவர் யாரும் இல்லை. எங்கள் வடிகால் எங்கள் தெருவில் சுத்தமாகத்தான் ஓடுகிறது. ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுவிடுகிறது.

பணம் வராமல் இல்லை. 2024 மார்ச்சில் தங்கசாலையில் வடசென்னை வளர்ச்சித் திட்டத்தை 4,181 கோடி ரூபாயில் தொடங்கி வைத்தார்கள், பல துறைகள் சேர்ந்து செய்யும் திட்டம். எண்ணூரின் சாம்பலும் கொடுங்கையூரின் குப்பையும் தாங்கிக்கொண்டிருக்கும் பகுதிக்கு அது ரொம்ப நாள் பாக்கி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பல துறைகள் சேர்ந்து செய்யும் திட்டம் என்றாலே இப்போதெல்லாம் எனக்கு அந்த மூடிகள் ஞாபகம் வருகின்றன. தொகையைவிட, தெருவாரியாக எந்தத் துறை முதலில் இறங்குகிறது, அடுத்தவருக்கு எந்த மட்டத்தில் ஒப்படைக்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் நான் அதைத்தான் வாங்கிப் படிப்பேன்.

வார்டு மக்கள் பகுதி பகுதியாகக் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டத்தில் இதைப் பேசினோம். 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை சென்னைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலரே இல்லாமல் தனி அதிகாரிகளை வைத்தே நிர்வாகம் ஓடியது. அந்த ஐந்தாண்டுச் சொச்சத்தில் எங்கே போய்க் கேட்பது என்றே மறந்துவிட்டிருந்தோம். அதனால் ஷாமியானா போட்டு நாற்காலி போட்டதே பெரிய விஷயமாகத் தெரிந்தது. கோட்டு விவகாரத்தைச் சொன்னதும், இனி வேலை ஆணையிலேயே மட்டத்தைக் குறிக்கச் சொல்லித் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள் என்றார்கள். கொடுத்திருக்கிறோம். ஆனால் அடுத்த தெருக்காரர்கள் எழுந்து, "உங்க கோடு ஆட்டம் எங்களுக்கு வேணாம்" என்றார்கள். அவர்கள் காரணம் ஒதுக்கித்தள்ளக் கூடியதில்லை. கோடு போட்ட தெருவில் ரெண்டு பாஸ் ஓட வேண்டும் என்று செய்தி பரவினால், எந்தக் கான்ட்ராக்டர் அந்தத் தெரு வேலையை முதலில் எடுப்பான்? கடைசி பேக்கேஜில் தள்ளுவான், மழை வந்துவிடும், அடுத்த வருஷம் என்பார்கள். "மொதல்ல ரோடு வரட்டும் சார். பள்ளத்துல விழுந்து என் பையனுக்குக் கை ஒடிஞ்சிருக்கு." அவரிடம் நான் எந்த மட்டத்தைப் பற்றிப் பேசுவது? கோடு எங்கள் தெருவில் மட்டும் இருந்தால் அது கான்ட்ராக்டருக்குத் தொல்லை, அவ்வளவுதான். டெண்டரிலேயே எல்லாத் தெருவுக்கும் இருந்தால்தான் அவன் அதற்கும் சேர்த்து ரேட் போடுவான். ஒரு இட்லிக்கடை அக்காவின் பெயிண்ட் டப்பாவால் டெண்டர் படிவத்தை மாற்ற முடியாது. அந்த வேலையைத் தலைமைச் செயலகத்தில்தான் யாராவது செய்ய வேண்டும். 2021-ல் வந்த அறிவுறுத்தலுக்கு இன்னும் ஒரே ஒரு வரி பாக்கி இருக்கிறது.

அடுத்த தெருவுக்கு ரெண்டே ராத்திரியில் ரோடு வந்தது, ஒரே பாஸ். ஓரத்தில் வழக்கம்போல ஏறியிருக்கிறது, மழைக்குத்தான் தெரியும். எங்கள் தெரு மூடிகளைச் சுற்றி யாரோ செங்கல் அடுக்கி சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்கள். அம்மாவுக்கு மூட்டுவலி, ரேஷன் கடைக்கு இப்போதெல்லாம் அடுத்த தெரு வழியாகத்தான் சுற்றிப் போகிறாள். ஏம்மா, நம்ம ரோடுதானே சரியான மட்டத்தில் இருக்கிறது என்றால், "மட்டம் இருக்குடா, நடக்கத்தான் முடியல" என்கிறாள்.